வீரரை நிறுக்குமுன் காலத்தை நிறுப்போம்

தோற்றுவாய்

பெருமாநல்லூர் நால்ரோட்டுத் தேநீர்க் கடைகளில் மாலைதோறும் பட்டிமண்டபம் ஒன்று நடைபெறுவதுண்டு. அதற்கு நடுவர் இலர். தலைப்பை முன்கூட்டி அறிவிப்பாரும் இலர். பனியன் கம்பெனியில் ஷிப்டு முடித்து வரும் இளைஞர், பள்ளிவாசலினின்று தொழுகை முடித்து வரும் முதியோர், கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கும் மாணவர் எனப் பல திறத்தாரும் அதில் பங்கு கொள்வர். நூல் விலையில் தொடங்கும் பேச்சு, அரசியலுக்குச் சென்று, திரைப்படத்தைத் தொட்டு, இறுதியில் விளையாட்டில் வந்து நிற்கும்.

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரு நாள் அப்பேச்சு குத்துச்சண்டையைப் பற்றியதாயிற்று. 58 அகவை நிரம்பிய மைக் டைசன், தம்மினும் முப்பதாண்டு இளையவரான ஜேக் பால் என்பாருடன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மோதித் தோற்ற செய்தி கைப்பேசிதோறும் பரவியிருந்த நேரம் அது. இளமைக் காலத்து டைசன் எதிரே நின்றிருந்தால் எவரும் மூன்று சுற்றுக்கு மேல் தாங்கியிரார் என்றார் ஓர் இளைஞர். முகமது அலி நின்றிருந்தால் டைசனின் கை காற்றைத்தான் குத்தியிருக்கும் என்றார் ஒரு பெரியவர். ஜோ லூயியை மறந்துவிட்டுப் பேசுதல் தகாது என்றார் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். சொற்போர் முற்றியது. முடிவில் அப்பெரியவர், "என்ன சொன்னாலும் சரி தம்பி, அலி நம்மவர்; அவருக்கு மிஞ்சி ஒருவருமில்லை" என்று கூறிக் கோப்பையைக் கீழே வைத்தார். அருகிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் பணிவோடு கேட்டார்: "பாய், நீங்க சொல்றது தீர்ப்பா, பாசமா?"

அக்கேள்விக்கு அன்று எவரும் விடை கூறவில்லை, நாமும் கூறவில்லை. வீடு திரும்பிய பின்னும் அது நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. வெவ்வேறு காலத்து வீரரை ஒப்பிட இயலுமா? இயலுமெனின் எந்த எடைக்கல்லால் நிறுப்பது? நம் அன்புக்குரியவர் ஒருவர் தட்டில் இருக்கும்போது துலாக்கோலை நேராகப் பிடிக்க நமக்குக் கை வருமா? இம்மூன்று வினாக்களுக்கும் நமக்குத் தோன்றிய விடையை இம்மலரில் பதிவு செய்ய விழைகின்றோம்.

ஒருவருள் இருவர்

ஒப்பீட்டில் முதலில் எழும் இடர்ப்பாடு, எந்த அலியை ஒப்பிடுவது என்பதே. 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் சோனி லிஸ்டனை வென்று உலகப் பட்டம் சூடிய 22 அகவை இளைஞர் ஓர் அலி. அவர்தம் வலிமை கால்களில் இருந்தது. மேடையைச் சுற்றிச் சுழன்று, எதிரியின் கைக்கு எட்டாத தொலைவில் நின்று, நொடிப்பொழுதில் உட்புகுந்து குத்தி மீளும் ஆற்றல் அது. 1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்த்து நின்ற 32 அகவையினர் மற்றோர் அலி. இவர்க்குப் பழைய கால்கள் இல்லை. கயிற்றில் சாய்ந்து நின்று, கைகளால் முகத்தைக் காத்து, ஃபோர்மனின் பேரடிகளை வயிற்றிலும் தோளிலும் வாங்கி, அவர் களைத்துச் சோர்ந்தபின் எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். முன்னவர் வென்றது விரைவினால்; பின்னவர் வென்றது பொறையினாலும் சூழ்ச்சித் திறத்தினாலும்.

மூன்றாவது அலி ஒருவரும் உண்டு. அவரைத் தமிழகம் நேரில் கண்டது. 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி இந்தியாவுக்கு வந்தபோது, சென்னை நேரு விளையாட்டரங்கில் தம் இளமைத் தோழரும் முன்னாள் பட்டத்தாருமான ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஒன்றில் ஈடுபட்டார். எம்.ஜி.ஆருடன் அவர் நிற்கும் ஒளிப்படம் இன்றும் பலர் வீட்டு நினைவுப் பெட்டகங்களில் உள்ளது. அப்போது அவருக்கு அகவை 38. ஓய்வு பெறுவதாக முன்னரே அறிவித்திருந்தவர், அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மீண்டும் மேடையேறி லாரி ஹோம்சிடம் தோற்றார். பத்தாம் சுற்று முடிந்ததும் அவருடைய பயிற்சியாளரே போதும் என்று நிறுத்த வேண்டியதாயிற்று.

இம்மூவருள் யாரை டைசனுக்கு எதிரே நிறுத்துவது? டைசன் தரப்பிலும் இதே வினா எழும். 1986இல் 20 அகவையிலேயே உலகப் பட்டம் பெற்று, மிகு எடைப் பிரிவில் மிக இளைய பட்டத்தார் என்ற பெயர் கொண்டவரையா, 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளசிடம் வீழ்ந்தவரையா, 2024இல் மூச்சு வாங்க நின்ற முதியவரையா? ஒரு மனிதரின் இரு காலங்களே ஒன்றோடொன்று பொருந்தாதபோது, இரு மனிதரின் இரு காலங்களை ஒரே மேடையில் ஏற்றுதல் எளிதன்று.

காலங்கள் மோதியபோது

"நேருக்கு நேர் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்" என்பது பலரும் கூறும் வாதம். மெய்யாகவே இரு காலங்கள் நேருக்கு நேர் நின்றதுண்டு. அவை நமக்குத் தெரிவித்தது யாது?

1951ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் நியூயார்க்கில் ஜோ லூயியும் ராக்கி மார்சியானோவும் மோதினர். லூயிக்கு 37 அகவை. வரிக்கடன் நெருக்கியதால் ஓய்வைக் கைவிட்டு மேடைக்கு வந்தவர். மார்சியானோவுக்கு 28 அகவை. எட்டாம் சுற்றில் லூயி கயிற்றுக்கு வெளியே வீழ்ந்தார். வென்ற மார்சியானோ மகிழவில்லை. தாம் சிறுவயது முதல் போற்றிய வீரரை வீழ்த்திவிட்டதற்காக அழுதார் என்பர். 1980இல் அலியை வென்ற ஹோம்ஸ், முன்னாளில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர். அவரும் அவ்வெற்றிக்குப் பின் கண்ணீர் விட்டார். 1988இல் 38 அகவை ஹோம்ஸை 21 அகவை டைசன் நான்காம் சுற்றில் வீழ்த்தினார். 2024இல் டைசனை ஜேக் பால் வென்றார்.

இம்முடிவுகளை ஒரு சங்கிலியாகக் கோத்துப் பார்ப்போம். ஜேக் பால் டைசனை வென்றார்; டைசன் ஹோம்ஸை வென்றார்; ஹோம்ஸ் அலியை வென்றார்; ஆகவே ஜேக் பால் அலியினும் பெரியர் என்று முடியும்! இம்முடிவை நம் தேநீர்க் கடையில் எவரும் ஏற்கார். ஜேக் பாலும் ஏற்கத் தயங்குவார். காலங்கள் நேரில் மோதும்போது வெல்வது திறமை அன்று. இளமையே என்பது இதனால் போதரும்.

கணிப்பொறி வழங்கிய இரு தீர்ப்புகள்

மனிதரால் இயலாததைப் பொறியைக் கொண்டு முடிக்க முயன்றாரும் உளர். 1967இல் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மரே வோரோனர் என்பார், பல காலத்துப் பட்டத்தாரின் குறிப்புகளைக் கணிப்பொறிக்கு ஊட்டிக் கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை ஒலிபரப்பினார். அதில் முற்காலத்து வீரர் ஜிம் ஜெஃப்ரீசிடம் அலி தோற்றதாகப் பொறி கூறிற்று. தம் பெயருக்கு இழுக்கு நேர்ந்ததென அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கைத் தீர்க்கும் வழியாக மற்றொரு திட்டம் உருவாயிற்று. தோல்வியே காணாது ஓய்வு பெற்ற மார்சியானோவும், அதுவரை தோல்வி காணாத அலியும் 1969இல் மயாமி நகரில் படப்பிடிப்புக்காக மோதினர். மார்சியானோ உடல் மெலிந்து, தலையில் செயற்கை முடி அணிந்து வந்தார். பலவகையான முடிவுகளும் முன்கூட்டியே படமாக்கப்பட்டன. எம்முடிவைக் காட்டுவது என்பது பொறியின் பொறுப்பு.

அப்படம் வெளிவருமுன், 1969 ஆகஸ்ட் 31ஆம் நாள் வானூர்தி விபத்தில் மார்சியானோ மறைந்தார். 1970 ஜனவரியில் படம் திரையிடப்பட்டது. அமெரிக்கத் திரையரங்குகளில் பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வென்றார். பிரிட்டனில் காட்டப்பெற்ற படத்திலோ வென்றவர் அலி! பொறி ஒன்று, போட்டி ஒன்று, தீர்ப்பு மட்டும் இரண்டு. காண்பவர் விரும்பியதையே பொறியும் காட்டிற்று என்று கருத இடமுண்டு. நம் பெரியவரின் பாசத்தைக் குறை கூறுவோர், பொறிக்கும் பாசம் இருந்தமையை இதனால் உணரலாம்.

உடலும் விதியும்

நிற்க. காலந்தோறும் வீரரின் உடலும் விளையாட்டின் விதியும் மாறி வந்துள்ளன. மார்சியானோ பட்டம் வென்ற நாளில் அவர்தம் எடை ஏறத்தாழ 84 கிலோ. இன்றைய விதிப்படி 90.7 கிலோவுக்கு உட்பட்டோர் மிகு எடைக்குக் கீழான தனிப் பிரிவில் சேர்வர். எனவே, மார்சியானோ இன்று வாழ்ந்திருப்பின் டைசன் ஃபியூரி போன்றாரைச் சந்திக்க வேண்டிய கட்டாயமே இராது. ஃபியூரியோ ஆறடி ஒன்பது அங்குல உயரமும் 120 கிலோ அளவிலான எடையும் உடையவர். இருவரையும் ஒரே பெயருடைய பிரிவில் வைத்துப் பேசுதல், கைத்தறியையும் விசைத்தறியையும் 'தறி' என்ற ஒரே சொல்லால் குறித்து விளைச்சலை ஒப்பிடுவது போன்றதாகும்.

போட்டியின் நீளமும் அவ்வாறே. 1915இல் ஹவானா நகரில் ஜேக் ஜான்சனும் ஜெஸ் வில்லார்டும் மோதியபோது குறிக்கப்பட்ட சுற்றுகள் 45. கொளுத்தும் வெயிலில் இருபத்தாறாம் சுற்றில்தான் ஜான்சன் வீழ்ந்தார். பின்னர்ப் பட்டப் போட்டிக்குப் பதினைந்து சுற்றுகள் என்பது வழக்கமாயிற்று. 1982இல் தென்கொரிய வீரர் டுக் கூ கிம் மேடையில் பெற்ற அடியால் உயிரிழந்தபின் அது படிப்படியாகப் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. பன்னிரண்டு சுற்றுக்கு மூச்சைப் பங்கிட்டுப் பழகியவர் நாற்பத்தைந்து சுற்றுக் களத்தில் என் செய்வார்? நாற்பத்தைந்து சுற்றுக்குப் பழகியவர் இன்றைய வேகத்துக்கு எங்ஙனம் ஈடு கொடுப்பார்? இரண்டுக்கும் விடையில்லை.

சுமை எனும் எடைக்கல்

அங்ஙனமாயின் ஒப்பீடே வீண் வேலையா? அன்று என்பதே நம் கருத்து. தமிழ்த்துறையினர்க்கு இஃது எளிதில் விளங்கும். இளங்கோவையும் கம்பரையும் ஒப்பிடும் ஆசிரியர், இருவரையும் ஒரே அரங்கில் கவி பாடச் செய்து எவர் வெல்வார் என்று கேட்பதில்லை. அவரவர்க்குக் கிடைத்த மொழி, மரபு, கதை, அவையோர் ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து, கிடைத்ததைக் கொண்டு அவரவர் செய்தது யாது என்று பின்னர்க் காண்பர். வீரரையும் அங்ஙனமே காணுதல் வேண்டும். எதிர்நின்றாரின் வலிமை யாது, எத்துணைக் காலம் நிலைத்தார், காலம் அவர் தோளில் ஏற்றிய சுமை யாது என்னும் மூன்று எடைக்கற்களை நாம் முன்வைக்கின்றோம்.

ஜேக் ஜான்சனை இவற்றால் நிறுத்துப் பார்ப்போம். கறுப்பினத்தார்க்கு உலகப் பட்டப் போட்டி மறுக்கப்பட்ட நாளில், அன்றைய பட்டத்தாரான டாமி பர்ன்சை விடாது பின்தொடர்ந்து, 1908ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வென்றார். வெள்ளையரின் பெருமையை மீட்க ஓய்விலிருந்து அழைத்து வரப்பட்ட ஜெஃப்ரீசை 1910 ஜூலை 4ஆம் நாள் வீழ்த்தினார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. ஒவ்வொரு குத்துக்கும் ஓர் இனமே விலை கொடுக்க நேர்ந்த காலம் அது.

அவ்வச்சத்தின் நிழலில் வந்தவர் ஜோ லூயி. ஜான்சனைப் போல நடந்தால் கதவு மீண்டும் அடைபடும் என்பதால், வென்றபோது சிரிக்கவும் கூடாது என்று அவர்க்குக் கற்பிக்கப்பட்டது. 1936இல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்றவர், 1938 ஜூன் 22ஆம் நாள் நடந்த மறுபோட்டியில் முதற் சுற்றிலேயே அவரை வீழ்த்தினார். இட்லரின் இனவெறிக் கொள்கைக்கு விழுந்த அடியாக உலகம் அதனைக் கண்டது. 1937 முதல் 1949 வரை பதினோராண்டுக்கு மேல் பட்டத்தைக் கைவிடாது 25 முறை காத்தார். இரண்டாம் உலகப் போரின்போது தம் போட்டி வருவாயைப் படைத்துறை நல நிதிக்கு வழங்கினார். அத்தகையவரை வரிக்கடன் வாழ்நாள் முழுதும் துரத்திற்று. 1981இல் அவர் மறைந்தபோது இறுதிச் செலவுக்கு உதவியவருள் ஒருவர் பழைய எதிரியான ஷ்மெலிங் என்பது நினைவு கூரத்தக்கது.

மார்சியானோவின் 49 போட்டிகளும் 49 வெற்றிகள். அப்பெருமையை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் முதல் எடைக்கல்லை வைத்துப் பார்க்குங்கால், அவர் வென்ற பெருவீரர் பலரும் முதுமை எய்தியவர்கள். லூயிக்கு 37, பட்டத்தைப் பறிகொடுத்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. தோல்வியின்மை ஒரு சிறப்பு. அதுவே முழுச் சிறப்பு ஆகாது.

அலிக்கு வருவோம். லிஸ்டன், ஜோ ஃபிரேசியர், கென் நார்ட்டன், ஃபோர்மன் என அவர் காலத்தில் எதிர்நின்ற வரிசையைப் போல வலிய வரிசை வேறெந்தக் காலத்திலும் ஒருங்கே அமைந்ததில்லை. எதிர்நின்றாருள் ஒருவரையும் அவர் ஒதுக்கவில்லை. சமயம் மாறிப் பெயர் மாற்றியதற்காகவே பலரால் வெறுக்கப்பட்டார். 1967 ஏப்ரல் 28ஆம் நாள் வியத்நாம் போருக்கான படைச்சேர்ப்பை மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, உரிமம் பறிக்கப்பட்டது. 25 முதல் 28 அகவை வரை, ஒரு வீரரின் பொன்னான மூன்றரை ஆண்டுகள் மேடையின்றிக் கழிந்தன. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கிற்று. இழந்த ஆண்டுகளை எந்த மன்றமும் மீட்டுத் தரவில்லை. அதன்பின்னும் இரு முறை பட்டத்தை மீட்டார்.

ஒரு தடையும் விடையும்

"விளையாட்டு கையால் ஆடப்படுவது, சுமையால் அன்று. மேடைக்கு வெளியே நடந்ததை மேடைக்குள் கணக்கிடலாமா?" என்று இளைஞர் வினவுவர். நேர்மையான தடையே. சுமை மட்டும் ஒருவரைப் பெருவீரராக்காது. வென்று காட்டாதவரின் துன்பம் நம் இரக்கத்துக்கு உரியதேயன்றிப் பட்டத்துக்கு உரியதன்று. அதனாலன்றோ எதிரியின் வலிமையையும் நிலைத்த காலத்தையும் முன்னே வைத்தோம். ஆயின், ஈரத்துணி மூட்டையைத் தலையில் சுமந்து ஒரு கல் தொலைவு நடந்தவரையும் வெறுங்கையோடு நடந்தவரையும், இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார் என்பதற்காக நிகரென்று கூறுவாருண்டோ? சாயப்பட்டறைத் தொழிலை அறிந்த நம் ஊரார் அவ்வாறு கூறார்.

நாம் மறந்த நம்மவர்

"நம்மவர்" என்ற சொல்லை அன்று பெரியவர் எடுத்தார். அச்சொல் நம்மை வேறொரு திசைக்கும் அழைத்துச் செல்கின்றது. 1980 ஜனவரி 27ஆம் நாள் தில்லியில் அலியுடன் நான்கு சுற்றுக் காட்சிப் போட்டியில் நின்ற இந்தியர் ஒருவர் உளர். அவர் பெயர் கௌர் சிங். பஞ்சாபைச் சேர்ந்த படைவீரர். 1982 தில்லி ஆசிய விளையாட்டில் மிகு எடைப் பிரிவில் பொற்பதக்கம் வென்றார்; 1983இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையில் மருத்துவச் செலவுக்குக் கடன்பட்டுத் தவித்த அவர் நிலை 2017இல்தான் செய்தியாயிற்று. 2023 ஏப்ரலில் மறைந்தார்.

அவர்க்கு முன்னவர் அரியானாவின் ஹவா சிங். 1961 முதல் தொடர்ந்து பதினொரு முறை தேசிய மிகு எடைப் பட்டத்தை வென்றவர். 1962 ஆசிய விளையாட்டுக்குச் செல்ல அவரால் இயலவில்லை. 1966இலும் 1970இலும் பாங்காக் நகரில் அடுத்தடுத்து ஆசியப் பொற்பதக்கம் வென்றார். பின்னர்ப் பிவானி ஊரில் இளைஞர்க்குக் குத்துச்சண்டை கற்பித்தார். 2008 ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற விஜேந்தர் சிங் அவ்வூர் வளர்த்த வீரர். துரோணாச்சாரியார் விருது அறிவிக்கப்பட்டும், அதனைக் கையில் பெறுமுன் 2000 ஆகஸ்டில் ஹவா சிங் மறைந்தார். கௌர் சிங்கா, ஹவா சிங்கா என்று எந்தத் தேநீர்க் கடையிலும் பட்டிமண்டபம் நடந்ததாக நாம் கேட்டதில்லை. நடந்திருப்பின், கௌர் சிங்கின் முதுமைக்கால நிலை அத்துணை தாமதமாக வெளிப்பட்டிராது.

தமிழ் மண்ணிலும் இக்கலைக்கு வரலாறு உண்டு. வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் எனப் பரம்பரைகள் வகுத்துக்கொண்டு, துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் மோதி வந்த கலை அது. 2021இல் பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வந்த பின்னரே நம் மாணவர் பலர் அதனை அறிந்தனர். அயல்நாட்டு வீரரின் எடையும் உயரமும் அங்குலக் கணக்கில் நாவில் நிற்க, நம் நாட்டு வீரரின் பெயரும் தெரியாதிருத்தல் ஒப்பீட்டுக் கலையின் குறையன்று, ஒப்பிடுவோரின் குறை.

நம் தீர்ப்பு

இனி, மாணவர் கேட்ட வினாவுக்கு வருவோம். மூன்று எடைக்கற்களையும் வைத்து நிறுத்தபின், மிகு எடைப் பிரிவில் முதலிடம் அலிக்கு உரியது என்றே நாம் கருதுகின்றோம். எதிர்நின்றாரின் வலிமையில் அவர்க்கு நிகரில்லை. சுமையில் ஜான்சனும் லூயியுமே அவர்க்கு இணை. நிலைத்த காலத்தில் மட்டும் லூயி அலியை விஞ்சுகின்றார். ஆதலின் லூயிக்கு இரண்டாமிடம். இருவர்க்கும் இடைப்பட்ட தொலைவு மிகச் சிறிது. லூயி வாய் மூடி நின்று திறந்து வைத்த கதவின் வழியே வந்தமையால்தான் அலியால் வாய் திறந்து பேச முடிந்தது என்பதையும் மறத்தலாகாது.

இத்தீர்ப்பு பாசத்தால் வந்ததன்று என்பதற்குச் சான்று வேண்டுமெனின், அலியின் குறையையும் இங்கே கூறுதல் கடன். அலிக்கு உரிமம் மறுக்கப்பட்ட காலத்தில் அவர்க்காகப் பரிந்து பேசியவர் ஜோ ஃபிரேசியர். அந்த ஃபிரேசியரை, போட்டிக்கு விளம்பரம் தேடும் பொருட்டு, மனிதக் குரங்கென்றும் அறிவிலியென்றும் அலி பலரறிய இழித்துரைத்தார். கறுப்பினத்தாரின் மானத்துக்காகப் பேசிய நாவே மற்றொரு கறுப்பினத்தாரை அச்சொல்லால் சுட்டது. ஃபிரேசியரின் பிள்ளைகள் பள்ளியில் அதற்காக எள்ளப்பட்டனர். 2001இல் அலி வருத்தம் தெரிவித்தார். ஆயினும் 2011இல் மறையும் வரை ஃபிரேசியரின் நெஞ்சில் அப்புண் முழுதும் ஆறியதாகத் தெரியவில்லை. 1975இல் மணிலாவில் பதினான்கு சுற்று வரை இருவரும் பட்ட அடிகள் ஆறின; சொல்லால் பட்டது ஆறவில்லை. இதனை மறைத்துப் போற்றுதல் புகழ்ச்சியாகலாம், தீர்ப்பாகாது. திருக்குறளில் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே அமைந்திருப்பது, அயலாரை நிறுப்பதற்காக மட்டுமன்று, நம்மவரை நிறுப்பதற்காகவுமே.

இவ்விளையாட்டு கேட்கும் விலையையும் மாணவர் அறிதல் நன்று. 1984இல் அலிக்கு நடுக்குவாத நோய் கண்டறியப்பட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் நடுங்கும் கையோடு அவர் சுடரேற்றிய காட்சியைக் கண்டு கண் கலங்காதார் இலர். 2016 ஜூன் 3ஆம் நாள் மறையும் வரை, ஒரு காலத்தில் ஓயாது பேசிய அந்நா ஏறத்தாழ ஓய்ந்தே இருந்தது. தலையில் வாங்கிய அடிகள் இதில் பங்கு கொண்டன என்று கருதும் மருத்துவர் பலர். வீரத்தைப் போற்றும் நாம், தலையில் விழும் அடியைப் போற்ற வேண்டுவதில்லை.

முடிப்பு

நம் வட்டாரத்தின் கதையோடு இதனை முடிப்போம். 1925ஆம் ஆண்டளவில் குலாம் காதர் என்பார் திருப்பூரில் பின்னல் தொழிலுக்கு வித்திட்டார் என்பது ஊரறிந்த செய்தி. அன்றைய சிறு பொறியோடு ஒப்பிட, இன்று நம் ஊரைச் சுற்றி இயங்கும் கணிப்பொறி பொருத்திய வட்டப் பின்னல் பொறிகள் பன்மடங்கு துணி தருகின்றன. அதனால் இன்றைய முதலாளி பெரியரா? அன்று வழிகாட்ட ஒருவருமின்றித் தொடங்கியதால் அவர் பெரியரா? வீடுதோறும் இவ்வழக்கு வேறு வடிவில் நடைபெறுகின்றது. "எங்கள் காலத்தில் நாங்கள் பட்ட பாடு" என்பார் முதியோர்; "உங்கள் காலத்தில் இத்தனை போட்டி இல்லை" என்பார் இளையோர். இருவரும் தத்தம் காலத்தின் எடைக்கல்லால் மற்றவரை நிறுக்கின்றனர். இருவர் தட்டும் தாழ்ந்தே நிற்கின்றது.

மாணவ மணிகளே! உங்கள் தந்தையை, உங்கள் அகவையில் அவர்க்குக் கிடைத்ததைக் கொண்டு நிறுத்துப் பாருங்கள். பெரியோரே! உங்கள் பிள்ளைகளை, இன்றைய காலம் அவர்கள் தோளில் ஏற்றியுள்ள சுமையைக் கொண்டு நிறுத்துப் பாருங்கள். மறுமுறை நால்ரோட்டுத் தேநீர்க் கடையில் அம்மாணவரைக் காணும்போது நாம் கூறப்போகும் விடை இதுவே: தம்பி, அன்று பெரியவர் கூறியது பாசம்தான். நிறுத்துப் பார்த்தோம், இம்முறை பாசமும் தீர்ப்பும் ஒன்றாக வந்தன. என்றும் அவ்வாறே வரும் என்று நம்பி இருத்தலாகாது.